பார்த்துக்கொள்வதற்கும் பற்று வரவு உண்டு

ஆஸ்பத்திரி பில்லை எப்படியோ கட்டிவிடலாம். நகை இருக்கும், சீட்டு இருக்கும், கேட்டால் மறுக்காத ஒரு சித்தப்பா இருப்பார். எல்லோரும் பதறி ஓடி வரும் நேரம் என்பதால் பணமும் கூடவே வந்து சேரும். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு மாதாமாதம் ஓடுகிற செலவு இருக்கிறதே, அதுதான் ஆளைச் சாய்ப்பது. அப்போது யாரும் பதறுவதில்லை. ‘எப்படி இருக்காங்க?’ என்று போனில் கேட்பார்கள், ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு நாம் டயப்பர் வாங்கக் கிளம்ப வேண்டியதுதான்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 72. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் நினைவு, கணக்கு, கோபம் மூன்றும் முன்பு போலவே தெளிவு. அப்பா அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது, பிடித்தம் போகக் கைக்கு 14,000 ரூபாய். அண்ணன் சென்னையில், தங்கை திருப்பூரில். நான் மதுரையில், அய்யர் பங்களா பக்கம். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை, 26,000 சம்பளம். அம்மா யாரிடம் இருப்பார் என்று யாரும் கூடிப் பேசவே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குத்தான் வந்தது.

முதல் வாரத்துச் செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு ஓய்வூதியர், குடும்ப ஓய்வூதியர்களுக்கென்று ஒரு காப்பீடு இருக்கிறது. அதற்கான தொகையை ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் பலருக்கு இப்படி ஒரு பிடித்தம் போவதே தெரியாது. அது இல்லாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. எந்த அட்டையானாலும் அட்மிஷன் போடும்போதே காட்டிவிடுங்கள். டிஸ்சார்ஜ் நேரத்தில் நீட்டினால் ‘முன்னாடியே சொல்லியிருக்கணும்’ என்பார்கள்.

நாங்கள் சேர்த்தது ஒரு தனியார் மருத்துவமனை. காப்பீடு ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. ‘பேக்கேஜில் வராதவை’ என்று ஒரு பெரிய தொகையைத் தனியாகக் கேட்டார்கள். என்னென்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று எழுதிக் கொடுங்கள், காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்றேன். பில்லிங் கவுண்டரில் இருந்தவர் உள்ளே போய்விட்டு வந்தார். தொகை இறங்கியிருந்தது. கையுறை, பஞ்சு, டயப்பர் போன்றவைதான் மீதி. சண்டை போடத் தேவையில்லை, எழுதித் தரச் சொன்னால் போதும்.

கட்ட வேண்டிய பணத்துக்கு அம்மாவின் நகையை பேங்கில் வைத்தோம். வைப்பதற்கு முன் ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடை போட்ட சீட்டையும் சேர்த்து அண்ணனுக்கும் தங்கைக்கும் அனுப்பினேன். அண்ணிக்கும் அனுப்பினேன். ‘எனக்கு எதுக்கு’ என்றார், ஆனால் பெரிதாக்கிப் பார்த்திருப்பார். நகைக்கடனில் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குள் திருப்ப வழி இருந்தால்தான் அடகு. வழி இல்லாமல் வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், நகையின் விலையில் பாதியை வட்டியாகக் கொடுத்துவிட்டு, கடைசியில் அது மூழ்கியும் போகும். நாங்கள் ஒரு இரட்டை வட சங்கிலியை மட்டும் விற்று மற்றதை மீட்டுவிட்டோம். அம்மாவிடம் கேட்டுத்தான் விற்றோம். ‘உங்கப்பா அதைப் போட விட்டதே இல்லை, பீரோவுல தூங்குறதுக்கு விக்கட்டும்’ என்று அவரே சொன்னார். மீட்டர் வட்டிக்காரர் ஒருவரும் ஆறுதல் சொல்கிற சாக்கில் வீட்டுக்கு வந்துபோனார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இனி பென்ஷன் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அநேகம் வீடுகளில் தடுமாறுவது இங்கேதான். கணக்கு அம்மா பேரில் மட்டும். கையெழுத்துப் போடும் கை அசையாது. ஏடிஎம் கார்டு இருந்தது, பின் நம்பரும் எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் விதிப்படி அது தப்பு. தவிர, நாளைக்கு ‘அம்மா கணக்கிலிருந்து எடுத்தது எவ்வளவு?’ என்று கூடப் பிறந்தவர்கள் கேட்டால் காட்டுவதற்கு ஏடிஎம் துண்டுச்சீட்டைத் தவிர ஒன்றும் இருக்காது, அதில் எழுத்தும் அழிந்துபோயிருக்கும்.

பேங்கில் போய்க் கேட்டேன். ‘அவங்க நேர்ல வந்து சைன் பண்ணணும்’ என்றார் கவுண்டரில் இருந்தவர். வர முடியாது, படுக்கையில் இருக்கிறார் என்றேன். ‘அப்ப கஷ்டம்தான்’ என்றார். கஷ்டமே இல்லை, ரிசர்வ் வங்கி இதற்கு வழி சொல்லியிருக்கிறது. நோயாலோ முதுமையாலோ கையெழுத்திட முடியாதவர் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். கைவிரல் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையும் செல்லும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீடு தேடி வந்து சேவை செய்ய வேண்டும் என்று 2017-இலேயே வங்கிகளுக்கு உத்தரவு இருக்கிறது. இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி, டாக்டர் சான்றிதழை இணைத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்கும்போது ‘முடியாது’ என்பது அவர்களுக்கு எளிது. காகிதத்துக்குப் பதிலும் காகிதத்தில்தான் வர வேண்டும்.

ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார், சின்னப் பையன். ஸ்டாம்ப் பேடைத் திறந்து அம்மாவின் இடது கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினார். அம்மா கையை இழுத்துக்கொண்டார். ‘நான் எஸ்எஸ்எல்சி படிச்சவ, கைநாட்டு இல்ல’ என்று குழறலாகச் சொன்னார். அந்தப் பையனுக்குப் புரியவில்லை. நான் சொன்னதும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேனாவை எடுத்து அம்மாவின் இடது கையில் கொடுத்தார். கோழி கிறுக்கல் போல இரண்டு எழுத்து வந்தது. ‘இதுவும் இருக்கட்டும்மா, ரேகையும் வச்சிடுவோம்’ என்றார். இரண்டுமே அந்தப் படிவத்தில் இருக்கின்றன.

பென்ஷன் கணக்கில் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். அதனால் அம்மாவும் நானும் சேர்ந்து, ‘இருவரில் ஒருவர்’ இயக்கலாம் என்ற ஏற்பாட்டில் அதே கிளையில் வேறொரு சேமிப்புக் கணக்கு திறந்தோம். மாதம் பிறந்ததும் பென்ஷன் தானாக அங்கே மாறிவிடும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிட்டோம். அம்மாவின் செலவு அத்தனையும் அந்த ஒரு கணக்கிலிருந்து மட்டும்தான். என் சம்பளக் கணக்கிலிருந்து அவசரத்துக்கு 200 ரூபாய் போனாலும் அன்றைக்கே அங்கிருந்து திருப்பிப் போட்டுக்கொள்வேன். வருடாந்திர நேர்காணலுக்கும் அலைய வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து உயிர்வாழ் சான்றிதழை மின்னணு முறையில் பதிவு செய்கிறார், கட்டணம் 70 ரூபாய்.

அடுத்தது நோட்டு. தொழில் புத்தி விடாது என்பார்களே, அதனால் நீளவாக்கில் ஒரு பேரேடு போட்டேன். முதல் மாதங்களில் பார்த்தால் மருந்து 3,400, டயப்பர், அண்டர்பேட், பஞ்சு வகையறா 4,800, பிசியோதெரபி 8,000, பகலில் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு 12,000, தலைப்பக்கம் தூக்கி இறக்கும் கட்டிலுக்கு வாடகை 2,500, டாக்டரும் ஆட்டோவும் 1,500. கூட்டினால் 32,200. பென்ஷன் 14,000. மீதி எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு வரியாக எடுத்துக் கேள்வி கேட்டேன். மருந்தில் இரத்தம் உறையாமலிருக்க, கொழுப்புக்கு, பிரஷருக்கு என்று எல்லாமே மூலப்பெயரில் கிடைக்கிற மாத்திரைகள். டாக்டரிடம் ‘கம்பெனி பெயர் இல்லாமல் மருந்தின் பெயரை எழுதித் தர முடியுமா?’ என்று கேட்டேன். எழுதித் தந்தார். ஒரே ஒரு மாத்திரையை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார், அதை மாற்றவில்லை. மீதியை மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் வாங்குகிறோம். இப்போது மருந்து 1,300-க்குள் நிற்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிந்துவிடுங்கள். எங்கள் பகுதிக்கு வருகிறவர் அம்மாவிடம் ஒரு பயிற்சியை வாங்க அரைமணி நேரம் கெஞ்சுவார். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது. அவர் வருவதால் காசு கொடுத்து வரவழைக்கும் பிசியோவைப் பாதியாகக் குறைத்தோம், 4,000.

டயப்பரைப் பகலில் நிறுத்தினோம். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்து வைத்தோம், அதற்கு மேல் எந்தத் துணியும் இதமாக இல்லை. நேரம் பார்த்து பெட்பேன் வைத்தால் பாதி நனைவதில்லை. இரவுக்கு மட்டும் டயப்பர், அதையும் மொத்த விலைக் கடையில் பெட்டியாக வாங்கினால் 2,600. ஆனால் தண்ணீர்ப் படுக்கை, காற்றுப் படுக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும் அப்படித்தான். படுக்கைப்புண் வந்துவிட்டால் டிரெஸ்ஸிங் செலவு மற்ற எல்லா மிச்சத்தையும் தின்றுவிடும்.

கட்டில் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் பழைய கட்டிலை விலைக்கே வாங்கிவிடலாம் என்று தெரிந்தது. வாடகைக்கு விட்ட கடைக்காரரே ஒரு வீட்டைக் காட்டினார். அவர்கள் அப்பாவுக்கு வாங்கி, தேவை முடிந்துபோன கட்டில். விலை பேசச் சங்கடமாக இருந்தது, அவர்களும் பேசவில்லை. 14,000 கேட்டார்கள், கொடுத்தோம். தேவை எத்தனை நாளைக்கு என்று தெரியாத முதல் இரண்டு மாதம் வாடகை, அது நீளும் என்று டாக்டர் சொன்ன பிறகு விலைக்கு என்பதுதான் என் கணக்கு.

பார்த்துக்கொள்ளும் அக்காவின் சம்பளத்தில் மட்டும் கை வைக்கவில்லை. ஏஜென்சியில் கேட்டபோது 24 மணி நேரத்துக்கு 22,000, முன்பணம் தனி என்றார்கள். அதில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகும் என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா ஏற்கெனவே ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டவர். காலை 9 முதல் மாலை 6 வரை, 12,000. அம்மா அவரை ‘தாயி’ என்றுதான் கூப்பிடுகிறார். ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், தீபாவளிக்குச் சேலை, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்பணம் என்று அவர் கேட்பார். கேட்கத்தான் செய்வார், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அதனால் மாதம் 1,000 ரூபாயை முன்கூட்டியே அவர் கணக்கில் ஒதுக்கிவிடுகிறேன். கேட்கும்போது முகம் சுளிக்காமல் கொடுக்க முடிகிறது. மாதத்தில் நான்கு நாள் சம்பளத்தோடு லீவு. அந்த நாட்களில் ஒரு பகலாவது நான் முழுக்கப் பார்க்கிறேன், அவர் வேலை என்ன என்பது மறக்காமல் இருக்கும்.

இப்படி எல்லாம் குறைத்து, ஒதுக்கியதைச் சேர்க்காமல், மாதச் செலவு 21,000-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. கூடவே அம்மாவின் வைப்புத்தொகையில் 30,000 ரூபாயை எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறோம். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ராத்திரி ஓடும்போது அது உதவுகிறது. எடுத்ததை அடுத்த மாதங்களில் நிரப்பிவிடுவோம்.

இப்போது என் சம்பளம். அம்மா வந்த புதிதில் வேலையை விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ‘வர்ற சம்பளத்துல பாதி ஆள் வைக்கவே போகுது, நீயே பாத்துக்கலாமே’ என்று ஒரு பெரியம்மா. கணக்கு சரியாகத்தான் தோன்றும். நான் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன். சேர்ந்து எட்டு வருடம் முடிந்திருந்தது. பத்து வருடப் பணிக்காலம் முடிந்தால்தான் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் பென்ஷனுக்குத் தகுதி. எட்டில் விட்டு, பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த எட்டும் போச்சு. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பணத்தை எடுக்காமல் ‘ஸ்கீம் சர்டிஃபிகேட்’ வாங்கி வைத்துக்கொள்ளலாம். பின்னால் வேறு வேலையில் சேரும்போது பழைய வருடங்கள் அதனுடன் சேரும். இதை வேலையை விடுகிற பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. கடைசிச் சம்பளத்தோடு பி.எஃப். பணத்தையும் துடைத்து எடுத்து, வீட்டுக்குச் செலவழித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலாளியிடம் போய், காலை 9.30 முதல் 1.30 வரை வருகிறேன், ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற நாட்களில் மாலையில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன், சம்பளத்தை 14,000 ஆக்குங்கள், பி.எஃப். மட்டும் தொடரட்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். புது ஆளுக்குக் கணக்கைச் சொல்லித் தருவதைவிட இது அவருக்கும் லாபம்தான், அதனால் ஒப்புக்கொண்டார். சம்பளம் குறைந்ததால் நாளை பென்ஷனும் கொஞ்சம் குறையும். வருடக் கணக்கு அறுபடவில்லை, எனக்கு அது போதும்.

செலவு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அண்ணனையும் தங்கையையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அண்ணன் நோட்டைப் பார்த்தார். செலவு 21,000, பென்ஷன் 14,000, துண்டு விழுவது 7,000. ‘ஆளுக்கு 2,300 சொச்சம். ஜிபேல போட்டுர்றேன்’ என்றார். அவர் கஞ்சனும் இல்லை, பொறுப்பில்லாதவரும் இல்லை. நோட்டில் இருந்ததைத்தான் வகுத்தார். நோட்டில் இல்லாத ஒரு வரியை அப்போதுதான் அவர் முன்னாலேயே எழுதினேன்: ‘வேலை நேரம் குறைத்ததால் போன சம்பளம் 12,000.’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ‘அம்மாவைப் பாக்குறதுக்குச் சம்பளமாடி?’ என்றார் அண்ணன். சம்பளம் கேட்கவில்லை அண்ணே, உன் சம்பளம் குறையவில்லை, அவள் சம்பளம் குறையவில்லை, அம்மா மூன்று பேருக்கும் அம்மா, போன சம்பளம் மட்டும் ஒருத்தி கணக்கிலேயே இருக்கிறது என்றேன். 7,000-உம் 12,000-உம் சேர்த்தால் 19,000. மூன்றாக வகுத்தால் ஆளுக்கு 6,300-க்கு மேல். நான் ஏற்கெனவே 12,000 இழந்திருக்கிறேன். ராத்திரி எழுந்திருப்பதையும் துணி அலசுவதையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, அதற்கு விலை போட எனக்கும் மனசில்லை.

அண்ணன் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். தங்கைக்கு பனியன் கம்பெனி வேலை, 6,300 அவளால் முடியாது என்று எனக்கே தெரியும். பேசி முடித்தது இப்படி: அண்ணன் 8,000, தங்கை 3,000, கூடவே மாதம் ஒரு சனி ஞாயிறு தங்கை வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். வருகிற 11,000-இல் 7,000 அம்மா கணக்குக்குப் போகிறது. 4,000 என் பேரில் பிபிஎஃப் என்கிற நீண்டகாலச் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. கையில் வாங்கினால் மளிகையில் கரைந்துவிடும் என்பதால் அண்ணனிடமே அதை நேராக அங்கே போடச் சொல்லிவிட்டேன். ஒன்றாம் தேதி நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறேன். முதலில் யாரும் பார்த்த மாதிரி இல்லை. இப்போது ‘மருந்து ஏன் 200 கூடியிருக்கு?’ என்று அண்ணி கேட்கிறார். கேட்கட்டும், நல்லதுதான்.

மதுரைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு உண்டு, செய்முறை, அதாவது விசேஷங்களுக்கு மொய் செய்வது. காதுகுத்து, சடங்கு, புதுமனை, கெடாவெட்டு என்று வைகாசி ஆவணியில் பத்திரிகைகள் குவியும். அம்மா வீட்டு மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நமக்குச் செய்தவர்களுக்கு மட்டும், செய்த அளவுக்கு மட்டும் திருப்பிச் செய்வது என்று முடிவெடுத்தோம். புதிதாகக் கணக்கு தொடங்குவதில்லை. ஒன்றிரண்டு பேருக்கு வருத்தம். அவர்களே அம்மாவைப் பார்க்க ஹார்லிக்ஸோடு வந்தார்கள். வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன, அம்மாவுக்குச் சர்க்கரை. வெட்கத்தை விட்டு, ‘வாங்கித்தான் வரணும்னா அண்டர்பேட் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க’ என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு அத்தை மட்டும் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தார், கூடவே ஒரு ஹார்லிக்ஸும்.

வரி விஷயம் அண்ணனுக்குத்தான் பொருந்தும். அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கே இந்தக் கழிவுகள். 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடே இல்லை என்றால், அவர்களுக்குச் செய்த மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை பிள்ளைகள் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது, ஆகவே மருந்துக் கடையில் யுபிஐயில் கட்டிப் பழகுங்கள். நம்மைச் சார்ந்திருப்பவருக்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் என்று சான்றிதழ் இருந்தால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. அதற்கு ரசீது சேர்க்க வேண்டியதில்லை, சான்றிதழ் போதும். பெரியாஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அந்தச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம்.

வீடு அம்மா பேரில் இருக்கிறது, பழைய ஓட்டு வீடு, இடத்துக்குத்தான் விலை. தங்கை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, ‘நீதான பாக்குற, அம்மாகிட்ட உன் பேர்ல எழுதி வாங்கிக்கக்கா’ என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். வக்கீலிடம் கேட்டேன். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருப்பதால் உயில் எழுதலாம், டாக்டர் சான்றிதழ் வைத்துக்கொள்ளுங்கள், நடமாட முடியாதவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு என்றார். பவர் பத்திரத்தை நம்பி இருக்க வேண்டாம், எழுதிக் கொடுத்தவருக்கு நினைவு தப்பினால் அது செல்லாது என்றும் சொன்னார். மறதி நோய் தொடங்கியிருக்கும் வீடுகளில் இதைக் கவனிக்க வேண்டும். நினைவு இருக்கும்போதே முடிக்க வேண்டிய காகித வேலைகளை முடித்துவிட வேண்டும்.

எழுதி வாங்க நான் ஒப்பவில்லை. உயில் இல்லாவிட்டால் சட்டப்படி மூன்று பேருக்கும் சமம், அது அப்படியே இருக்கட்டும். மாதக் கணக்கை மாதாமாதம் தீர்த்துவிடுவதால் வீட்டைக் கொண்டு ஈடுகட்ட வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. பாக்கியை வளரவிட்டு, பத்து வருடம் கழித்து வீட்டில் கழித்துக்கொண்ட குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் இப்போது கோர்ட்டில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக முடித்தது அம்மாவின் வைப்புத்தொகைக்கு நாமினி நியமனம். அப்பா பேரே இன்னும் அதில் இருந்தது. 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். அதே சின்னப் பையன்தான் படிவத்தோடு வந்தார். மூன்று பேர் பெயரையும் எழுதினோம். நான்காவது கட்டம் காலியாக இருந்ததை அம்மா பார்த்துவிட்டார். தாயி பேரையும் போடு, பத்து பர்சென்ட் என்றார். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.